எழுந்திருக்க முடியாத மாளிகை

மருமகள் எங்களை அந்த மாளிகைக்குக் கூட்டிப்போனதற்குக் காரணம் சரித்திர ஆர்வம் அல்ல. பத்து நாளாக அவளுடைய சின்ன அடுக்குமாடி வீட்டில் நானும் அவளுடைய அம்மாவும் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டிருந்தோம். அதை அவளால் தாங்க முடியவில்லை.

நான் சூலூர்க்காரி. முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். சம்பந்தியம்மாவுக்கு வெள்ளகோவில். வீட்டுக்காரரோடு சேர்ந்து எண்ணெய் ஆலை நடத்துகிறவர். மூட்டை தூக்குகிற ஆட்களை வாய் திறக்காமல் கண்ணாலேயே வேலை வாங்கக்கூடியவர். என் மகனுக்கும் அவர் மகளுக்கும் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. இருவருக்கும் ஜப்பானில் வேலை. மகன் என்னை வரச் சொன்னான். மருமகள் அவள் அம்மாவை வரச் சொன்னாள். இதை அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவே இல்லை என்பது டிக்கெட் எடுத்த பிறகுதான் தெரிந்தது. ஆண்கள் இருவரும் வரவில்லை. சம்பந்தி ஆலையை விட்டு அசைய மாட்டார். என் வீட்டுக்காரர், அங்கே நல்ல தயிர் கிடைக்குமா என்று விசாரித்தார். பதில் திருப்தியாக இல்லை. நின்றுவிட்டார்.

ஆக, நாங்கள் இரண்டு பெண்கள் ஒரே அறையில். காலையில் குளியலறைக் கதவுக்கு முன்னால் தினமும் ஒரு கூட்டம் நடக்கும்.

"நீங்க போங்க."

"அட நீங்க போங்க. எனக்கென்ன அவசரம்?"

"இல்லீங்க, நீங்கதான் பெரியவங்க. நீங்க மொதல்ல போங்க."

இது முடிவதற்குள் மகன் குளிக்காமலேயே வேலைக்குப் போய்விடுவான். தட்டில் மிஞ்சிய கடைசி இட்லியை அவர் எனக்கு விட்டுக்கொடுப்பார், நான் அவருக்கு விட்டுக்கொடுப்பேன், அது மத்தியானம் வரை கிடந்து காய்ந்துபோகும்.

இவ்வளவு மரியாதை நடந்தால் அடியில் ஏதோ கிடக்கிறது என்று அர்த்தம். என் பக்கம் கிடந்தது எனக்குத் தெரியும். நாங்கள் சூலூரில் புது வீடு கட்டியபோது முதல்முறையாக வந்த சம்பந்தியம்மா, கிளம்பும்போது வாசலில் நின்று, "ஹாலு ஆஸ்பத்திரியாட்டம் நல்லாச் சுத்தமா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். ஆஸ்பத்திரி! அந்த ஹாலுக்கு டைல்ஸ் தேர்ந்தெடுக்க நான் கோயமுத்தூரில் ஏறி இறங்காத கடை இல்லை. அதை அவரிடம் நான் கேட்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. அவர் பக்கம் என்ன கிடந்தது என்பது அன்று வரை எனக்குத் தெரியாது.

மருமகள் ஒரு நாள் விடுப்பு எடுத்தாள். ரயிலில் ஒரு மணி நேரம், பிறகு ஒரு மேட்டில் நடை. மேட்டின் உச்சியில் அந்த மாளிகை. நூறு வருஷத்துக்கு முன் ஒரு பட்டு வியாபாரி கட்டியதாம். வாசலிலிருந்து பார்த்தால் ஊட்டியில் வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களா மாதிரி இருந்தது. கூரான கோபுரம், உயரமான ஜன்னல்கள், தூண்கள். கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால் அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு தாழ்வான ஓட்டுக்கூரையும் மரச்சட்டங்களுமாக முழுக்க முழுக்க ஒரு ஜப்பான் வீடு.

சம்பந்தியம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பங்காளிக ரெண்டு பேரு பாகம் பிரிச்சு, ஆளுக்கொரு பக்கம் கட்டிக்கிட்டதாட்டம் இருக்குதுங்க" என்றார்.

உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றி ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். பதிலுக்கு வீட்டுக்குள் போடும் செருப்பு ஒரு ஜோடி தந்தார்கள். அதைத் தைத்தவர் எங்கள் ஊர்ப் பாதங்களை மனதில் வைத்துத் தைக்கவில்லை. முன்னால் ஐந்து விரல் மட்டும் உள்ளே போனது. குதிகால் வெளியே தொங்கியது. காலுறைக்கு மேல் அது, அதற்கு மேல் புடவைக் கொசுவம். நாங்கள் இருவரும் தறியில் ஓடுகிற நாடா மாதிரி காலைத் தூக்காமல் இழுத்து இழுத்து நகர்ந்தோம்.

அங்கே ஒரு வழிகாட்டி இருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் டை, கைச்சட்டைக்கு மேல் வழிகாட்டிக்கான துணிப்பட்டை, முகம் முழுக்கச் சிரிப்பு. சம்பளமில்லாமல் ஆசைக்காகச் செய்கிற வேலை என்று மருமகள் சொன்னாள். எங்களைப் பார்த்ததும் செல்போனை எடுத்தார். மருமகள் அதில் தமிழைத் தேடி அமுக்கிக் கொடுத்தாள். அவர் ஜப்பான் மொழியில் பேச, செல்போன் ரேடியோவில் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில் தமிழில் பேசியது.

"மதிப்பிற்குரிய விருந்தினர்களே, வருக. படிக்கட்டுகளில் மிகவும் கவனமாக விழவும்."

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். "என்னங்க சொல்லுது?"

"விழுகறதுன்னா பாத்து விழுகோணும்ங்குது."

தமிழ் வாத்தியார் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் செல்போனின் இலக்கணத்தில் ஒரு குற்றம் கிடையாது. ஒற்று மிகவேண்டிய இடத்திலெல்லாம் ஒழுங்காக மிகுந்தது. அர்த்தம் மட்டும்தான் எங்குமே மிகவில்லை.

முதலில் வெள்ளைக்காரப் பாதியைச் சுற்றினோம். பளிங்கில் கணப்பு அடுப்பு, சரவிளக்கு, வெல்வெட் திரை, சுவரில் தங்கப் பூ போட்ட காகிதம். ஒவ்வோர் அறையிலும் நாற்காலிகள். சாய்ந்துகொள்கிற நாற்காலி, கைவைத்த நாற்காலி, இரண்டு பேர் உட்காருகிற நாற்காலி. எல்லாவற்றுக்கும் குறுக்கே கயிறு. மேடு ஏறி வந்ததில் எங்கள் நாலு முழங்காலும் நாற்காலிக்காக ஏங்கின. சம்பந்தியம்மா ஒரு பச்சை வெல்வெட் நாற்காலியின் முன் நின்று, காசில்லாமல் மிட்டாய்க் கடைமுன் நிற்கிற குழந்தை மாதிரி அதைப் பார்த்தார்.

"உக்கார முடியாத நாற்காலிய எதுக்குங்க இத்தன போட்டு வெச்சிருக்கறாங்க?"

மருமகள் அதைச் செல்போனுக்கு ஏற்ற தமிழாக்கிக் கேட்டாள். பெரியவர் சிரித்துக்கொண்டே நீளமாகப் பதில் சொன்னார். செய்தி வாசிப்பவள் சொன்னாள்: "இந்த நாற்காலிகள் விருந்தினர்களுக்கானவை. குடும்பத்தினர் இங்கே அமர்ந்ததில்லை. அவர்கள் பின்புறத்தில், தரையில், மகிழ்ச்சியாக இருந்தார்கள்."

"ம்" என்றார் சம்பந்தியம்மா. என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும், "ம்" என்றார்.

அந்த இரண்டாவது 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போது மருமகளுக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. மாளிகைக்குள் போன் பேசக்கூடாது. "அம்மா, அத்தை, பத்தே நிமிஷம். தோட்டத்துப் பக்கம் போய்ப் பேசிட்டு வாரேன். நீங்க பாத்துட்டே இருங்க. எங்கியும் உக்காந்துராதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அவள் சொன்னது கயிறு கட்டிய நாற்காலிகளைப் பற்றி.

பெரியவர் எங்களை ஒரு நீண்ட மரத்தாழ்வாரம் வழியாகப் பின்பாதிக்கு அழைத்துப்போனார். அந்த வாசலில் வீட்டுச் செருப்பையும் கழற்றச் சொன்னார்கள். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. உள்ளே தரை முழுக்கப் பாய். நம் ஊர்க் கோரைப்பாய் போலத்தான், ஆனால் மெத்தையின் கனம். வேறு எதுவும் இல்லை. மேஜை இல்லை, அலமாரி இல்லை, சுவரில் ஒரே ஒரு படம் தொங்கியது.

"ஊட்டக் காலி பண்ணிப்போட்டாங்களாட்ட இருக்குது" என்றார் சம்பந்தியம்மா.

பெரியவர் தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். "இந்தத் தோட்டம் அமர்ந்த கண்களுக்காகச் செய்யப்பட்டது. நின்ற கண்களுக்குத் தோட்டம் பாதி" என்றது செல்போன்.

எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பாயில் உட்கார்ந்தேன். பெரியவர் சொன்னது உண்மை. நின்றபோது கண்ணாடிக் கதவின் குறுக்குச் சட்டம் கண்ணை மறைத்தது. உட்கார்ந்ததும் குளமும், அதன்மேல் சின்னப் பாலமும், கிளைகளுக்கு முட்டுக் கொடுத்த ஒரு கிழட்டுப் பைன் மரமும் ஒரே சட்டத்துக்குள் வந்து நின்றன. அந்தக் காலத்துக் கண்ணாடி வேறு, லேசாக நெளிநெளியாக இருந்தது. தலையை அசைத்தால் தோட்டமே தண்ணீருக்குள் இருப்பதுபோல் ஆடியது. இன்னும் இரண்டு தடவை தலையை அசைத்துப் பார்த்தேன்.

"ஏனுங்க, இப்படி உக்காந்து பாருங்க. அத்தன அழகா இருக்குது" என்றேன்.

சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதே வலி என்று அவருக்குத் தெரியும். ஆனால் நான் மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டேன். அவரும் மரியாதையாக, "நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்று என் தோளைப் பிடித்து இறங்கினார். கடைசி ஒரு சாண் தூரம், கடவுள் மேல் பாரத்தைப் போட்டு விழுந்தார். விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கத் தான் நிற்பது முறையல்ல என்று நினைத்தோ என்னவோ, பெரியவரும் செல்போனை நடுவில் வைத்துவிட்டு முழங்காலை மடித்து எங்கள் எதிரே உட்கார்ந்தார்.

ஐந்து நிமிஷம் பார்த்திருப்போம். போதும் என்று நான் கையை ஊன்றினேன். கை ஊன்றியது. உடம்பு வரவில்லை. மறுபடி முயன்றேன். இடுப்பு ஒரு அங்குலம் எழும்பி யோசித்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தது.

"என்னாச்சுங்க?" என்றார் சம்பந்தியம்மா.

"முட்டி புடிச்சுக்கிச்சுங்க."

செல்போன் இதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பெரியவருக்கு ஏதோ சொன்னது. அவர் முகம் வெளிறிப்போய், பதற்றமாக ஏதோ கேட்டார். செய்தி வாசிப்பவள் கேட்டாள்: "உங்கள் முழங்காலைக் கைது செய்தவர் யார்?"

சம்பந்தியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இருங்க, நான் எந்திரிச்சு உங்களத் தூக்கி உடறேன்" என்றார். எழ முயன்றார். அவருக்கு ஒரு அங்குலம்கூட எழும்பவில்லை. இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து ஒன்றாக முயன்றதில், இருவரும் ஒன்றாக மல்லாந்து பாயில் சாய்ந்து, மிகுந்த சிரமத்துடன் பழைய நிலைக்கு வந்தோம்.

"சரி, புள்ள வரட்டுங்க" என்றார் அவர். "அவ வந்து தூக்கட்டும்."

பெரியவருக்குப் புரிந்துவிட்டது. கவலைப்படாதீர்கள், நானும் கூடவே இருக்கிறேன் என்று சைகை காட்டினார். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

சம்பந்தியம்மா பைன் மரத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "இந்த ஊட்டுக்காரரும் உங்களாட்டம்தான் போலிருக்குதுங்க."

"எதுலீங்க?"

"முன்னால சோபா, சொகுசெல்லாம் வந்துட்டுப் போற ஒறம்பரைக்கு. சனம் பொழங்கறது பூராப் பொறகால."

எனக்குச் சுருக்கென்றது. "என்னங்க இப்படிச் சொல்லிப்போட்டீங்க?"

"நெசந்தானுங்களே. உங்க புது ஊட்டுக்கு மொதல்மொதலா வந்தேன். அந்த சோபாவுல என்னைய உக்கார வெச்சுப்போட்டு உள்ள போனவங்கதான். மூணு மணி நேரம். உள்ள உங்க அக்கா தங்கச்சியெல்லாம் கெக்கேபிக்கேன்னு சிரிக்கறாங்க. அரிசிம்பருப்புச் சோத்துக்குத் தாளிக்கற வாசம் வருது. நான் ஒண்டியா உக்காந்துட்டு பிஸ்கட்டக் கடிச்சிட்டிருக்கறேன்."

"ஐயோ, அது மரியாதைக்குங்க! உள்ள ஈரத்துணி, மாவுச்சட்டி, ஒரே களேபரம். சம்பந்தியப் போய் அங்க எப்படிங்க கூட்டிட்டுப் போறது?"

"மருவாதி யாருக்குங்க வேணும்? எனக்குப் பசிங்க."

நாலு வருஷமாக நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்த விருந்தோம்பல் அந்த ஒரு வாக்கியத்தில் தரைமட்டமானது. ஆனாலும் நான் விடவில்லை.

"நீங்க மட்டும் என்னவாம்? கெளம்பறப்ப வாசல்ல நின்னு ஹாலு ஆஸ்பத்திரியாட்டம் இருக்குதுன்னீங்களா இல்லையா?"

"ஆமா, சொன்னேன். ஏஸியப் போட்டுட்டுப் போயிட்டீங்க, அமத்தறதுக்கு ஆளக் காணோம். பல்லு கிடுகிடுங்குது. வெள்ள டைல்ஸு, வெள்ளச் செவுரு, சோபாவுக்கு மேல பிளாஸ்டிக் கவரு. நவுந்தா கர்ருபுர்ருங்குது. எப்ப நம்ம பேரக் கூப்புடுவாங்க, எப்ப ஊசி போடுவாங்கன்னுதானுங்க இருந்துச்சு."

நான் சிரிக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க வேண்டாம் என்று என் வீட்டுக்காரரோடு நான் போட்ட சண்டை நினைவுக்கு வந்தது. சிரித்துவிட்டேன். அவரும் ஆரம்பித்தார். சிரிக்கச் சிரிக்க முழங்கால் வலித்தது. வலிக்க வலிக்கச் சிரிப்பு வந்தது.

"இத்தன நாளு மனசுல வெச்சுட்டிருந்தீங்களா அம்மிணி?" என்றார். அதுவரை அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"நீங்க வெச்சிருக்கலையாக்கும்?"

"வெசனமா இருந்துச்சுங்க. எம்பொண்ணு வாக்கப்பட்ட ஊட்ல எனக்குச் சமையக்கட்டத் தெரியாதுன்னா நல்லாவா இருக்குது?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் எதிரே பெரியவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தோம். செல்போன் எங்கள் சண்டை முழுவதையும் அவருக்கு மொழிபெயர்த்திருக்கிறது. என்ன சொன்னதோ, எந்த லட்சணத்தில் சொன்னதோ. அவர் உணர்ச்சியோடு ஒரு வாக்கியம் பேசினார்.

"எனக்கும் நடந்தது" என்றது செல்போன். "மாமியாரின் இல்லம். மிக நல்ல நாற்காலி. பிஸ்கட் மட்டும்."

இதற்குள் அரை மணி நேரம் ஆகியிருந்தது. மருமகளைக் காணோம். பெரியவர் யாரையாவது உதவிக்கு அழைத்துவரலாம் என்று எழுந்தார். எழுந்தார் என்பதைவிட, எழ நினைத்தார் என்று சொல்வதுதான் சரி. மடித்த கால் இரண்டும் மரத்துப்போய்ப் பக்கவாட்டில் சரிந்து பாயில் கையை ஊன்றிக்கொண்டார். வெட்கத்தோடு செல்போனிடம் முணுமுணுத்தார். அது அவர் வெட்கத்தை மதிக்காமல் உரக்கச் சொன்னது: "மன்னிக்கவும். என் வீட்டில் நானும் சோபாவில்தான் வாழ்கிறேன்."

இனி ஆலைக்காரி பொறுப்பை எடுத்துக்கொண்டார். அறையை ஒருமுறை அளந்து பார்த்தார். தோட்டத்துப் பக்கம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே திண்ணை மாதிரி இன்னொரு மரத்தாழ்வாரம், அதன் விளிம்பு தரையிலிருந்து நாற்காலி உயரத்தில், கீழே கால் வைக்க ஒரு கல்.

"அம்மிணி, மூட்டையத் தரையிலிருந்து தூக்குனா இடுப்பு ஒடிஞ்சு போகும். மேட்டு ஓரத்துக்கு நவுத்திட்டா அதுவே எறங்கிக்கும். அக்கட்டால அந்த ஓரத்துக்குப் போயிட்டோம்னா, காலத் தொங்கப் போட்டுட்டு எந்திரிச்சுக்கலாம்."

"எப்படிங்க போறது?"

"தவந்துதான்."

அவர் முதலில் கிளம்பினார். கை, முழங்கால், கை, முழங்கால். பட்டுப்புடவை பாயில் சரசரத்தது. பின்னால் நான். எனக்குப் பின்னால், கழுத்து டை பாயைக் கூட்டிக்கொண்டே வர, பெரியவர். பாதி தூரம் போயிருப்போம். வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. ஒரு வெளிநாட்டுத் தம்பதி, கழுத்தில் காமிரா. எங்களைப் பார்த்ததும் நின்றார்கள். வயதான இரண்டு பெண்கள், பின்னால் பட்டை அணிந்த வழிகாட்டி, மூவரும் பயபக்தியோடு தோட்டத்தை நோக்கித் தவழ்கிறார்கள். அந்த அம்மாள் கணவர் காதில் ஏதோ கிசுகிசுத்தார். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். பிறகு காமிராவை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, அவர்களும் மண்டியிட்டுத் தவழ ஆரம்பித்தார்கள்.

பெரியவர் பதறி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அதற்கு அவர் ஒரு கையைத் தரையிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் அதையும் சடங்கின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஒரு கையை ஆட்டினார்கள்.

சம்பந்தியம்மா கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து விளிம்பை அடைந்து, திரும்பி, காலைக் கல்லில் தொங்கப்போட்டுத் தடாலென்று எழுந்து நின்றார். என்னையும் கைகொடுத்து எழுப்பினார். பெரியவரையும் நாங்கள் இருவரும் சேர்ந்து நிமிர்த்தினோம். தோட்டத்திலிருந்து ஓடிவந்த மருமகள் கண்டது, செருப்பில்லாமல் காலுறையோடு தோட்டத்துக் கல்லில் நிற்கும் தன் தாயையும் மாமியாரையும், அவர்கள் தாங்கிப் பிடித்திருக்கும் வழிகாட்டியையும், உள்ளே பாயில் தவழ்ந்துவரும் இரண்டு அந்நியர்களையும்.

"என்னம்மா இது!"

"தோட்டம் பாத்தோம் கண்ணு" என்றார் அவள் அம்மா.

பெரியவர் விடைபெறும்போது இடுப்பு மடிய வணங்கினார். நாங்கள் குனிந்து பார்க்கத் துணியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டோம்.

திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. கொஞ்ச தூரம் போனதும் சம்பந்தியம்மா சொன்னார், "அம்மிணி, சொன்னாக் கோவிச்சுக்கப்படாது. நீங்க வெக்கற ரசத்துல புளியே தெரியறதில்லீங்க. பத்து நாளா வெந்நியக் குடிச்சிட்டிருக்கறேன்."

"உங்க ரசம் மட்டும் என்னவாமா? அடுத்த தெரு ஆளுக்குத் தொண்டை எரியுது. அத உடுங்க, ராத்திரி நீங்க கொறட்டை உடறது ரயிலு போறதாட்டம் இருக்குது."

"நானா? நீங்க தூக்கத்துல பாடம் நடத்துறீங்க. நேத்து என்னைய பெஞ்சு மேல ஏறி நிக்கச் சொன்னீங்க."

எதிர் இருக்கையில் மருமகள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். செல்போனை எடுத்து வேகமாக எதையோ தட்டினாள். அவள் என்ன எழுதினாள் என்பது வீடு போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் தெரிந்தது. மகன் மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தான். வழக்கமாக அந்நேரத்துக்கு அவன் வருவதே இல்லை.

"அம்மா, அத்தை, எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்" என்றான் வாசலிலிருந்தே.

அடுப்பின் இரண்டு பக்கமும் இரண்டு பாத்திரத்தில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. ஒன்று என்னுடையது, ஒன்று அவருடையது.

"வாங்க மாப்பிள்ள, நல்ல நேரத்துக்கு வந்தீங்க" என்று சம்பந்தியம்மா இரண்டு டம்ளரை அவன் கையில் கொடுத்தார். "குடிச்சுப்போட்டு எது நல்லாருக்குதுன்னு சொல்லுங்க."

அவன் ஒன்றைக் குடித்தான். என்னைப் பார்த்தான். மற்றொன்றைக் குடித்தான். மாமியாரைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். அவள் உதவிக்கு வரவில்லை.

"ரெண்டுமே நல்லாருக்குங்க" என்றான்.

முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவள் நான். கேள்விக்குச் சம்பந்தமில்லாத இப்படிப்பட்ட பதிலுக்கு ஒருநாளும் மார்க் போட்டதில்லை.

"இவன் சின்னதுலிருந்தே இப்படித்தானுங்க" என்றேன்.

"அப்படி உட்றக்கூடாதுங்க அம்மிணி" என்று சம்பந்தியம்மா கரண்டியை எடுத்தார். "மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு டம்ளர் ஊத்துங்க."